மாத்திரையோடு கஷாயமும் குடிக்கிறீர்களா? உங்களுக்குத் தெரியுமா?

சாமளாபுரம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் போய், சாமி படத்துக்குக் கீழே இருக்கும் பலகையைப் பாருங்கள். சர்க்கரை மாத்திரை அட்டை, அதன் பக்கத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சிறுகுறிஞ்சான் தூள், நீலகிரித் தைலம், முழங்கால் வலிக்கு யாரோ கொடுத்த பொட்டலம் எல்லாம் ஒன்றாக இருக்கும். மாத்திரை எழுதிய டாக்டருக்குத் தூளைப் பற்றித் தெரியாது. தூள் கொடுத்த வைத்தியருக்கு மாத்திரையைப் பற்றித் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் அவற்றைச் சாப்பிடுகிறவர் மட்டும்தான். அவர் இரண்டு பக்கமும் வாய் திறந்து சொல்லிவிட்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும். இந்த வாரத் துணுக்குகள் அவருக்காக.

நம் மாவட்டத்தில் விளையும் மருந்தும் விஷமும்

மூலனூர், தாராபுரம் பக்கம் கம்பிப் பந்தலில் ஏறிப் படரும் கண்வலிக்கிழங்கைப் பார்த்திருப்பீர்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதை விதைக்காக வளர்க்கிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், யூரிக் அமிலம் கூடிக் கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கும் நோய்க்கு உலகம் முழுவதும் டாக்டர்கள் எழுதும் மாத்திரை. ஒரு மாத்திரையில் இருப்பது வெறும் அரை மில்லிகிராம். உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டினாலே அது கடும் விஷம், 0.8 மில்லிகிராமைத் தாண்டினால் பிழைப்பது அரிது. போதாததற்கு, சளிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் மாத்திரை கோல்ச்சிசினை உடம்பைவிட்டு வெளியேற விடாது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று யாராவது கேட்டால் மூலனூர் வயலைக் காட்டுங்கள்.

அரை மணி நேரம் இடைவெளி விட்டால் போதுமா?

பெரும்பாலும் போதாது. நம் வீடுகளில் மிக ஆழமாக ஊறிப்போன நம்பிக்கை இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சில மருந்துகள் குடலுக்குள் மோதிக்கொள்கின்றன. தைராய்டு மாத்திரையை இரும்போ கால்சியமோ பிடித்துக்கொண்டால் அது ரத்தத்தில் சேராது. இரும்புச் சத்து மாத்திரையாக இருந்தாலும் சித்த வைத்தியர் தரும் அன்னபேதிச் செந்தூரமாக இருந்தாலும் இரும்பு இரும்புதான். இங்கே நான்கு மணி நேர இடைவெளி பலன் தரும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் குடிப்பவர்களும் மற்ற மாத்திரைகளிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடித்தால் நல்லது.

ஆனால் பல மோதல்கள் குடலோடு முடிவதில்லை. கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர் ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை மதுவோடு சேர்த்துச் சோதித்தார். மதுவின் ருசி தெரியாமலிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார். ரத்தத்தில் மாத்திரையின் அளவு எதிர்பாராத அளவுக்கு ஏறியது. காரணம் மதுவல்ல, பழச்சாறு. 1989-இல் இது வெளிவந்தது. மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தச் சாறு குடலில் முடக்கிவிடுகிறது. உடம்பு புதிதாக நொதியை உண்டாக்க ஒரு நாளைக்கு மேல் ஆகும். காலையில் சாறு, இரவில் மாத்திரை என்றாலும் தப்பிக்க முடியாது. நம் ஊர்ப் பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள் இருக்கிறது. கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

மிளகும் அப்படித்தான்

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் மஞ்சளின் குர்க்குமினை, மிளகிலிருந்து பிரித்த பைப்பரினோடு கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் 20 மில்லிகிராம் பைப்பரின், குர்க்குமின் ரத்தத்தில் சேர்வதை ஏறத்தாழ 20 மடங்கு கூட்டியது. இந்தக் குணத்தையே ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகமும் கெடிலா நிறுவனமும் மருந்தாக்கின. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை, பைப்பரின் சேர்த்து 200 மில்லிகிராமாகக் குறைத்த மாத்திரை 2009-இல் வந்தது.

மிளகு ரசத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர் திரிகடுகச் சூரணத்தையோ "மிளகுச் சத்து சேர்ந்த மஞ்சள் கேப்சூலை"யோ தினமும் எடுத்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ரத்தத்தில் ஃபெனிட்டாயின் கூடினால் நடை தள்ளாடும், கண் ஆடும்.

தறி ஓடும்போது வரும் மயக்கம்

சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு, வெந்தயம் மூன்றுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் குணம் ஓரளவு உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இதனால் பெரிய ஆபத்து வருவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நிலை வேறு. மாத்திரையும் இழுக்கும், தூளும் இழுக்கும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும். ஓவர்லாக் மெஷின் முன்னாலோ ஓடுகிற தறிக்குப் பக்கத்திலோ அந்த மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படி வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும்.

பத்தியமும் இதில் சேர்ந்ததுதான். வைத்தியர் ஒரு வேளைக் கஞ்சி, உப்பில்லாப் பத்தியம் என்று சொன்னால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையின் அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். மாத்திரை பழைய அளவிலேயே இருந்து சாப்பாடு மட்டும் பாதியானால் உடம்பு தாங்காது.

ஒத்தடம்

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குச் செங்கல் ஒத்தடமும் மணல் ஒத்தடமும் கூடாது. சுடுவது அவருக்குத் தெரியாது. கொப்புளத்தை மறுநாள் வீட்டில் வேறு யாராவதுதான் பார்ப்பார்கள். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும்.

கீழாநெல்லியும் நோபல் விஞ்ஞானியும்

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்று நமக்குப் பாட்டி காலத்திலிருந்தே தெரியும். அதை உலகத்தின் முன்னால் வைத்தவர்கள் சென்னைக்காரர்கள் என்பது தெரியுமா? பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீண்ட நாளாக அந்த வைரஸைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி. 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. பெரும் நம்பிக்கையைக் கிளப்பிய செய்தி அது. ஆனால் பின்னர் வெளிநாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

இதனால் கீழாநெல்லியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு நம்பிக்கையைச் சோதனைக்கு வைத்தார்கள், சோதனையின் முடிவை மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அந்தச் சென்னைக் குழுவை நான் மதிக்கிறேன். நோயாளிக்கு அதைவிட முக்கியமானது வேறு. மஞ்சள் காமாலை என்பது ஓர் அடையாளம் மட்டுமே. கெட்ட தண்ணீரால் வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதுவே குணமாக்கியதாகத் தோன்றும். பித்தக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், கணையப் புற்றுநோயிலும் மஞ்சளாகும். எது என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். பரிசோதனை செய்துகொண்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கீழாநெல்லி குடிப்பவருக்கும், இரண்டு மாதம் மூலிகை மட்டும் குடித்துவிட்டுப் போகிறவருக்கும் இடையே உயிரளவு வித்தியாசம் இருக்கிறது. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இ வகை அவர்களைத்தான் கொல்லும்.

இருமலுக்கு அதிமதுரம் சப்புகிறீர்களா?

இரண்டு நாளுக்குப் பரவாயில்லை. வாரக்கணக்கில் சப்பினால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். அமெரிக்காவில் அதிமதுரச் சாறு சேர்ந்த மிட்டாயைச் சில வாரம் தினமும் பை பையாகத் தின்ற 54 வயதுக்காரர் இதயம் நின்று இறந்ததை டாக்டர்கள் 2020-இல் பதிவு செய்தார்கள். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே குறையும். அவர் அதிமதுரத்தைத் தொடாமலிருப்பதே நல்லது.

வேலியில் நிற்கும் ஆடாதொடை

டாக்டர் எழுதும் புரோம்ஹெக்சின், ஆம்ப்ராக்சால் இருமல் மருந்துகளின் மூலம் ஆடாதொடையில் உள்ள வாசிசின். ஆகவே ஆடாதொடைக் கஷாயம் குடிப்பவர் இருமல் சிரப்பும் குடிப்பதில் பெரிய லாபமில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் அதற்கு உண்டு என்பதால் கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கஷாயம் குடித்துக்கொண்டே இருக்காமல் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், செலவில்லை. நூற்பாலையில் வேலை செய்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வார விடுமுறை முடிந்து முதல் நாள் வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகி, அடுத்தடுத்த நாளில் குறைகிறதா? பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் தொடக்கம் அப்படித்தான் இருக்கும். எந்தத் துறையில் வேலை, எத்தனை வருடம் என்று டாக்டரிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நிலவேம்பு: கூட வேண்டும், பதிலாகக் கூடாது

நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு. கபசுரக் குடிநீரில் பதினைந்து. டெங்கு காலத்தில் நிலவேம்பையும் கொரோனா காலத்தில் கபசுரத்தையும் அரசே கொடுத்தது. அரசு ஆஸ்பத்திரியில் அதைக் கொடுத்தபோது படுக்கை, குளுக்கோஸ், ரத்தப் பரிசோதனை எல்லாம் கூடவே இருந்தன. வீட்டில் குடிநீர் மட்டும்தான் இருக்கும். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் வருகிறது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடம்பு வலிக்கு ஆஸ்பிரினோ புரூஃபெனோ வாங்கிப் போடாதீர்கள், ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவாக.

"ஒரே வாரத்தில் வலி போயிடுச்சுங்க"

பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடி, இழுப்புக்கு உருண்டை மாத்திரை. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். இப்படி விற்ற மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை இந்திய ஆய்வாளர்கள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் இதைச் செய்வதில்லை. அவர்கள் பெயரைக் கெடுப்பதும் இந்தப் பொட்டலங்கள்தான். ஸ்டீராய்டு கலந்த பொட்டலத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் முகம் உருண்டையாக உப்பும், பசி தாங்காது, கட்டுப்பாட்டிலிருந்த சர்க்கரை எகிறும். தெரிந்ததும் பயந்து சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடம்பு தன் பங்கைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

"சர்க்கரையை அடியோடு ஒழிப்போம்", "புற்றுநோய்க்கு உத்தரவாதம்" என்று நோட்டீஸ் அடிப்பதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பற்பம், செந்தூரம் டப்பாவில் என்ன பார்க்க வேண்டும்?

தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். பாதரசம், பாஷாணம், சேராங்கொட்டை, எட்டி போன்ற நச்சுச் சரக்கு சேர்ந்திருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டால் போதும் என்கிறது விதி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தறிக்காரர் அந்த வரியை எப்படிப் படிப்பார்? இந்த விதியை மாற்றி, விற்கிற மாநிலத்தின் மொழியிலும் எழுத வைக்க வேண்டும்.

எச்சரிக்கை வெறும் சம்பிரதாயம் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டனைச் சுற்றியுள்ள தெற்காசியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. சிறுநீரகம் பலவீனமானவர், கர்ப்பிணி, குழந்தை ஆகியோருக்கு உலோகம் சேர்ந்த மருந்து வேண்டவே வேண்டாம்.

அமுக்கரா

தைராய்டு ஹார்மோனைக் கூட்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் கேட்காமல் தொடங்கக் கூடாது. டென்மார்க் 2023-இல் இதைத் தடையே செய்துவிட்டது.

கைக்குழந்தைக்கு

ஒரு வயதுக்குள் தேன் தரக் கூடாது, மருந்தைக் குழைக்கவும் கூடாது. அதிலிருக்கும் கிருமி வித்து சின்னக் குடலில் முளைத்து நரம்பை முடக்கும். சளிக்குக் கற்பூரம் கலந்த எண்ணெய் தடவும் வழக்கத்தையும் விடுங்கள். கற்பூரமோ நீலகிரித் தைலமோ கொஞ்சம் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரும். தைலப் பாட்டிலைத் தொட்டில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டதா?

மூலிகை மருந்துகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது மயக்க மருந்து நிபுணர்களின் வழக்கம். பூண்டுக் கேப்சூல், இஞ்சிச் சாறு, மஞ்சள் கேப்சூல் போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். "வேறென்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்கும்போது பலர் மாத்திரைப் பெயரை மட்டும் சொல்கிறார்கள். லேகியத்தையும் சொல்லுங்கள்.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறவர் முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒரு நாளும் இல்லை என்று மாற்றினால்தான் சிக்கல். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்கிறது. ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சலூனில் கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பது

வேண்டாங்க. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பாம்பு கடித்தால் மட்டும் இரண்டு வைத்தியம் கிடையாது

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். சிறியாநங்கை இலையை மெல்லச் சொல்லி, கசந்தால் விஷம் ஏறவில்லை என்று வீட்டிலேயே உட்கார வைப்பது அந்தச் சாவுகளில் சேரும் வழி. விஷமுறிவு ஊசியைத் தவிர விஷத்தை முறிப்பது எதுவுமில்லை. கடிக்குக் கொடுக்கும் ஆடுதீண்டாப்பாளை இன்னொரு ஆபத்தையும் கொண்டுவருகிறது. அந்தச் செடிக் குடும்பத்தின் அமிலம் சேர்ந்த உடல் எடை குறைக்கும் மருந்தைச் சாப்பிட்ட பெல்ஜியம் நாட்டுப் பெண்களின் சிறுநீரகம் கெட்டது 1993-இல் வெளிவந்தது. பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இன்று அந்த அமிலம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பட்டியலில் முதல் வகையில் இருக்கிறது.

யாரிடம், எப்படிச் சொல்வது?

நம் மாநிலத்தில் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் அலோபதி டாக்டரும் சித்த மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். ஒரே சீட்டில் இரண்டு மருந்தையும் எழுதிக் காட்டலாம். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் இருக்கும் எல்லா அட்டை, டப்பா, பொட்டலங்களையும் ஒரு கூடையில் போட்டு எடுத்துப் போகலாம், அல்லது பிள்ளைகளை விட்டு ஒவ்வொன்றையும் லேபிள் தெரிய செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமும் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

எந்த மருந்தாலாவது உடம்புக்குக் கெடுதல் என்று தோன்றினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். சித்தா, ஆயுர்வேத மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்யத் தனித் திட்டமும் 2018 முதல் நடக்கிறது. மருந்தின் பெயர், பேட்ச் எண், சாப்பிடத் தொடங்கிய தேதி, உடன் சாப்பிட்ட மற்ற மருந்துகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். மீதியிருக்கும் மருந்தை எறிந்துவிடாமல் டப்பாவோடு பத்திரமாக வைத்திருங்கள், பரிசோதனைக்கு அது தேவைப்படும்.